எட்டுக் குறைகள்

— கதவைச் சாத்திக்கிட்டுத்தான் பேசணுமா மேடம்? நான் பக்கத்துல இருந்தா என்ன?

— வளக்கக் குடுத்த பிள்ளைங்களை இப்பல்லாம் தனியாத்தாம்மா கேக்கறேன். பத்தே நிமிஷம்.

— மூணு மாசந்தான் ஆச்சு அவ இங்க வந்து. வாய் கொஞ்சம் நீளம். ஏடாகூடமா எதையாவது உளறினா அப்படியே எழுதிடாதீங்க.

— அவ சொல்றதை எழுதறதுதாம்மா என் வேலை.

— சரி... சிட்டு, மேடம் கேக்கறதுக்கு ஒழுங்கா பதில் சொல்லு. காலை ஆட்டாத.

— நீங்க போங்க பெரியம்மா, நாங்க பேசிக்கறோம்.

— பாத்தீங்களா மேடம், வாயை.

— போயிட்டாங்க. ஃபைல் அக்கா, பேனாவுல மை இருக்குல்ல? நிறைய எழுதணும்.

— என்ன நிறைய?

— குறைதான். ஒண்ணு, தலை வாரும்போது சிக்கை வெடுக்குனு இழுக்கறாங்க. ரெண்டு, நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் எதிர்ல உக்காந்து தட்டையே பாக்கறாங்க. மூணு, தூங்க வைக்கறேன்னு பாடறாங்க. சுருதியே கிடையாது.

— சொல்லிப் பாக்கறதுதானே?

— சொன்னேன். சத்தத்தைக் குறைச்சுக்கிட்டுப் பாடறாங்க. நாலு, காய்ச்சல் மருந்தை ஜூஸ்ல கலந்து ஏமாத்திட்டாங்க. அஞ்சு, கணக்குல மூணு மார்க் வாங்கினதுக்குத் திட்டினாங்க.

— அடிச்சாங்களா?

— இல்ல. திட்டிட்டு அவங்களே அழுதாங்க. அது ஆறு. மூணு மார்க் வாங்கினது நான், அழறது அவங்களா?

— நீ என்ன பண்ணே?

— முதல்ல நீங்க அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கன்னேன். அவங்க போட்டதும் தப்பு. சிரிச்சிட்டோம்.

— ஏழு?

— கட்டிலுக்கு அடியில பிஸ்கட் ஒளிச்சு வச்சிருந்தேன். எறும்பு வந்துடுச்சு. மூடி போட்ட டப்பா ஒண்ணு வாங்கிக் குடுத்து, இதுல வச்சுக்கோன்னாங்க. குறையக் குறைய அவங்களே நிரப்பிடறாங்க. அப்புறம் அது ஒளிச்சு வச்சதா ஆகுமா?

— ஏழு எழுதியாச்சு.

— எட்டு, என் பையைத் தூக்கி அலமாரி மேல வச்சிட்டாங்க. எனக்கு எட்டாது.

— எந்தப் பை?

— வீடு மாறும்போது தூக்கிட்டுப் போவேனே, அது.

— இப்போ எடுத்துத் தரவா?

— வேண்டாம். சும்மா சொன்னேன். ஃபைல் அக்கா... இதையெல்லாம் யார் படிப்பாங்க?

— எங்க பெரிய ஆபீசர்.

— படிச்சிட்டு, என்னை வேற வீட்டுக்கு மாத்திடுவாங்களா?

— மாத்தணுமான்னு என்னைக் கேப்பாங்க.

— அப்ப அடிச்சிடுங்க. எல்லாத்தையும் அடிச்சிடுங்க. ஒரு குறையும் இல்ல. நான் நல்லா இருக்கேன், என்னை ரொம்ப நல்லா பாத்துக்கறாங்க.

— கண்ணு, அதை மட்டும் சொல்லாதம்மா. வேற என்ன வேணா சொல்லு. உன்னை யாரும் மாத்தப் போறதில்ல. போ, பெரியம்மாவை வரச் சொல்லு. நீ போய் அந்த டப்பாவைத் தேடிக் கொண்டா, பாக்கறேன்.

— பிஸ்கட் தர மாட்டேன். பாக்க மட்டுந்தான்.

— வந்துட்டேன் மேடம். என்ன சொன்னா?

— எட்டு குறை சொன்னாம்மா.

— எட்டா? சிக்கு எடுக்கறதா இருக்கும். வேணும்னா பாடறதை நிறுத்திடறேன் மேடம். இனிமே ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். அவளைக் கூட்டிட்டு மட்டும் போயிடாதீங்க.

— திட்டுங்க, பாடுங்க. அவ இங்கயே இருக்கட்டும்னு கீழ எழுதிட்டேன். பாருங்க.

— எட்டு குறை இருந்துமா?

— இதுக்கு முன்னால இவ இருந்த வீட்டுக்கு நாலு தடவை போனேன். ஹால்லயே எல்லாரையும் உக்கார வச்சுக் கேட்டேன். ஒரு குறைகூட சொல்லல, நல்லா பாத்துக்கறாங்கன்னே சொன்னா.

— அந்த வீட்டுலயா மேடம்? இவ முதுகுல இருக்கற அந்தச் சூட்டுத் தழும்பு...

— நாலு தடவையும் 'குழந்தை நல்லா இருக்கு'ன்னு எழுதினது நான்தாம்மா.