நீலக் கையுறை

கம்பளி நூலால் பின்னியதைச் சுடுநீரில் தோய்க்கக் கூடாது, ஐயா. உங்கள் வீட்டில் குழந்தைத் தொப்பியோ காலுக்குப் போடும் மேசோ இருந்தால் மனைவியாரிடம் சொல்லி வையுங்கள். பச்சைத் தண்ணீரில் மெல்ல அமுக்கி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் விரித்துக் காயவிட வேண்டும். சுடுநீரும் சவர்க்காரமும் சேர்ந்தால் அது சுருங்கித் தடித்துப் பலகை போல ஆகிவிடும். ஆட்டு மயிரில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. சூட்டில் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், பிறகு விடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் இதை நான் ஒவ்வொரு வருடமும் படிப்பிக்கிறேன்.

நீங்கள் எழுதுவதற்கு வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். என் அண்ணன் அப்புத்துரை சொன்னதை வைத்து ஏற்கெனவே எழுதியிருப்பதை அடித்துவிடலாம். அது பிழை.

நான் இடக்கைக்காரி. சொன்னால்தான் தெரியும். எழுதுவது, சாப்பிடுவது, கரும்பலகையில் படம் கீறுவது எல்லாம் வலக்கையால்தான். அம்மா அப்படிப் பழக்கினா. பழைய சேலையில் கிழித்த துண்டால் என் இடக்கையை நான் இருக்கும் கதிரையின் சட்டத்தோடு கட்டிவிட்டுத்தான் சோற்றுக் கோப்பையை முன்னால் வைப்பா. "கழுவிற கையாலை தின்னுவியோடி? நாளைக்குப் போற வீட்டிலை ஆரைத் திட்டுவினம்? என்னைத்தான்." சித்திமார் என்னைச் சொத்திக்கை என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். எனக்குக் கோபமே வராது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வரும். சத்தம் போட எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பின்னலுக்கு மட்டும் சாத்திரம் இல்லை. எந்தக் கையால் பின்னினால் வீட்டுக்குக் கூடாது என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. மிஷன் பள்ளிக்கூட விடுதியில் பின்னல் பழக்கிய ரீச்சர் மற்றப் பிள்ளைகளைத் தன் பக்கத்தில் இருத்துவா. பக்கத்தில் இருந்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் இடமில்லாமல் அவவுக்கு நேர் எதிரே இருந்தேன். அவவின் வலக்கை ஊசி போகும் வழியில் எதிரே என் இடக்கை ஊசி போயிற்று. தளவாடியைப் பார்த்துத் தலை வாருவது போல இருந்தது. அன்று பின்னிய துண்டில் ஒரு கண்ணிகூட நழுவவில்லை.

அதன் பிறகு நான் பின்னாத நாள் குறைவு. கொழும்பில் விஞ்ஞானப் பட்டத்துக்குப் படித்தபோதும் பின்னினேன். யாழ்தேவி ரயிலில் வரும்போதும் பின்னுவேன். மனிதரோடு கதைக்கக் கூச்சப்படுகிறவளுக்கு மடியில் ஒரு நூற்பந்து இருப்பது பெரிய உதவி. ஒருவரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள். அப்போது என் இடக்கை அழகாக இருக்கும். அதற்கென்று விடப்பட்ட ஒரே வேலை அது.

கிளிநொச்சியில் ஆசிரியர் வேலை கிடைத்ததும் அண்ணன் வீட்டில் வந்து இருந்தேன். அண்ணனுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டத்தில் வயல். அவர் மனைவி இலட்சுமி மச்சாள் நல்லவ. எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மகள் பத்மாசனிக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயது ஆகவில்லை.

விஜயதசமியன்று சிற்றம்பலம் வாத்தியார் அவளுக்கு ஏடு தொடக்கினார். தாம்பாளத்தில் அரிசி பரப்பியிருந்தது. வாத்தியார் "கையைத் தா, குஞ்சு" என்றார். பத்மாசனி இடக்கையை நீட்டினாள். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டு மற்றக் கையைப் பிடித்து வாத்தியாரிடம் கொடுத்தார். மெல்லத்தான் தட்டினார். ஆனால் எனக்குக் கேட்டது.

அன்று குசினியில் மச்சாளிடம் கேட்டேன்.

"பிள்ளை இடக்கைதானே, மச்சாள்?"

"ஆர், பத்மியோ? வலக்கைக்குள்ளை கற்கண்டைப் பொத்திக்கொண்டிருந்தவள். விட்டால் கொட்டுப்பட்டுப்போம் எண்டு மற்றக் கையை நீட்டினவள். கள்ளி."

மச்சாள் சிரித்தா. நான் வடித்த சோற்றைக் கிளறிக்கொண்டு நின்றேன். தாய்மார் இப்படித்தான் மறைப்பார்கள். என் அம்மாவும் அயலவர்களிடம் இடக்கையில் சுளுக்கு என்றுதான் சொல்லி வந்தா.

அந்தப் பிள்ளைக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. பின்னல் பழக்கினேன். ரீச்சருக்கு எதிரே நான் இருந்ததுபோல அவளை எனக்கு எதிரே இருத்தினேன். சிறிய ஊசிகளை மூங்கிலில் நானே சீவிக் கொடுத்தேன். அவள் கெட்டிக்காரி. ஒரு கிழமைக்குள் கண்ணி போடப் பழகிவிட்டாள். ஆனால் ஊசி அவளுடைய வலக்கையிலேயே ஓடியது.

நான் என் இடக்கையால் பின்னுகிறேன். எனக்கு எதிரே இருந்து பார்க்கும் பிள்ளைக்கு வலக்கையால் பின்னுவது சுகமாக வருகிறது. நீங்கள் ஏதோ கேட்க வருகிறீர்கள். தெரியும். தளவாடி விம்பம் பற்றி எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, ஐயா. இடமும் வலமும் மாறுவதைப் படம் கீறி விளக்குகிறவள் நான். ஆனால் பயமும் அப்படித்தான் வேலை செய்கிறது. அடிபட்ட கை பின்னுக்குப் போய்விடும், மற்றக் கை முன்னுக்கு வந்துவிடும். வெளியே பார்ப்பவர்களுக்கு இயல்பு போலத் தெரியும். என்னையும் எல்லோரும் வலக்கைக்காரி என்றுதானே நினைக்கிறார்கள்?

அவளைப் பக்கத்தில் இருத்தி ஊசியை இடக்கைக்கு மாற்றினேன். கண்ணிகள் நழுவின. அவள் அழவில்லை. ஊசியைத் திரும்ப வலக்கைக்கு மாற்றிக்கொண்டு, "மாமி, எனக்கு இந்தக் கைதான் சுகமாக் கிடக்கு" என்றாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்தச் சொற்களைப் பிள்ளையின் வாயில் வைத்தவர்கள்மேல்தான் வந்தது.

தை மாதம் புதிர் எடுத்தார்கள். காலபோக நெல்லில் முதற்கதிரை வீட்டுப் பிள்ளை ஒன்று அறுத்துக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். நான் வந்த முதல் வருடம் அதை நான் அறுக்கிறேன் என்று கேட்டிருந்தேன். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "உனக்குத் தெரியாதே விமலா, கை தடுமாறி மற்றக் கையாலை பிடிச்சிட்டாயெண்டால் சனம் கதைக்கும்" என்றார். இந்த முறை பத்மாசனி போனாள். வலக்கையில் அரிவாளும் இடக்கையில் கதிருமாக வரம்பில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிள்ளையை முழுவதாக முறித்துவிட்டார்கள் என்று அப்போது நினைத்தேன். இனி நாள் கடத்தக் கூடாது என்றும் நினைத்தேன்.

மச்சாள் இரண்டாவது பேற்றுக்காகக் கோண்டாவிலுக்குத் தாய் வீட்டுக்குப் போனா. ரயிலேறும்போது என் கையைப் பிடித்து, "பத்மி உங்களோடை இருக்கிறாள் எண்ட ஒரு நிம்மதிதான் எனக்கு" என்றா. அண்ணன் அறுவடை முடியும்வரை சூடு மிதிக்கும் நெற்களத்துக் கொட்டிலிலேயே கிடந்தார். சாப்பாட்டுக்கு மட்டும் வந்து போவார்.

கையுறையை அப்போதுதான் பின்னினேன். நீலக் கம்பளி நூல். மச்சாளின் குழந்தைக்குத் தொப்பி பின்ன வைத்திருந்த நூலில் மிச்சம். அம்மா கட்டியது முரட்டுச் சேலைத் துண்டு, தோலை அராவும். நான் பின்னியது மிகவும் மென்மையானது. விரல்களுக்குத் தனித்தனி அறை வைக்கவில்லை. பெருவிரலுக்கும் வழி வைக்கவில்லை. மணிக்கட்டில் துவாரங்கள் விட்டுப் பின்னற்கயிறு ஒன்றைக் கோத்தேன். நான் பின்னியவற்றில் மிகவும் ஒழுங்காக வந்தது அதுதான்.

"கைக்குத் தொப்பியோ மாமி?" என்று பத்மாசனி கேட்டாள். சந்தோசமாகத்தான் வலக்கையில் போட்டுக்கொண்டாள்.

வாய்க்காலுக்கு அங்காலே இருக்கும் நேசமலர் அக்கா பால் கொண்டுவந்தபோது பார்த்துவிட்டு, "உந்த வெயிலுக்கை பிள்ளைக்கு உதென்ன கோலம்?" என்றா. சிரங்கு, சொறியாமல் இருக்கப் போட்டிருக்கிறேன் என்றேன். "வேப்பிலை அவிச்சு ஊத்தடி பிள்ளை, உது கம்பளியிலை இன்னும் கூடும்" என்று சொல்லிவிட்டுப் போனா. சிரங்குக்குக் கையைப் பொதிந்து கட்டுவது எல்லா வீட்டிலும் நடப்பது. அண்ணனும் அதற்குமேல் கேட்கவில்லை.

முதலில் பத்மாசனி அதைப் பல்லால் கடித்து இழுத்தாள். கயிற்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அது நடக்காமல் இருக்க வழி எனக்குத் தெரிந்திருந்தது. கை அவளது, நான் நோகச் செய்யவில்லை. பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீர் எடுத்து, சவர்க்காரம் கரைத்து, கையுறையோடு கையை அதில் வைத்து மெல்லத் தேய்த்துவிட்டேன். ஊத்தை போக என்று சொன்னேன். காய்ந்ததும் கையோடு பொருந்திவிட்டது. அடுத்த நாளும் செய்தேன். அதற்கடுத்த நாளும். பிறகு அவள் கடித்து இழுப்பதை விட்டுவிட்டாள்.

இடக்கையால் பின்னத் தொடங்கினாள். ஐயா, நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஊசியை உடம்போடு ஒட்டிப் பிடித்து, தடித்துப்போன அந்த நீலக் கையால் ஊசியின் மற்ற முனையை அமர்த்திக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியாக இடக்கையால் எடுத்தாள். கோணல்மாணல்தான். ஆனால் கண்ணிகள் சாய்ந்த பக்கம் என் பின்னல் சாயும் பக்கம். என் வாழ்நாளில் அப்படி இன்னொருவர் பின்னிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கியது.

"மாமி, கை கடுக்குது. கழட்டி விடுங்கோ."

"இந்த வரிசை முடியட்டும், குஞ்சு."

வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை.

பிறகு கை கடுக்குது என்று அவள் சொல்லவில்லை. கை இருப்பதே தெரியவில்லை என்று சொன்னாள். அதன் கருத்து எனக்கு விளங்காமல் இல்லை. நான் விலங்கியலும் படித்தவள். இரத்தம் ஓடாத இடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மணம் வந்தபோதும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். குசினியில் சாம்பிராணி போட்டு வைத்தேன்.

காய்ச்சல் கண்டு பிள்ளை பாயில் கிடந்தபோது நேசமலர் அக்கா கேளாமல் உள்ளே வந்தா. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். முடிச்சு அவிழவில்லை, கத்தரிக்கோல் உள்ளே போகவில்லை. அவ தன் பாக்குவெட்டியால் அந்தக் கையுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி எடுத்தாவாம். அவவின் குழறல் களம்வரைக்கும் கேட்டது என்று அண்ணன் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை டாக்குத்தர் உங்களுக்கு எழுதித் தந்திருக்கிறார். விரல்கள் இல்லை. பெருவிரல் தப்பும் என்கிறார்கள்.

மச்சாளுக்கு இன்னும் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, கேட்டால் பால் வற்றிவிடும் என்கிறார்கள். அண்ணன் ஆஸ்பத்திரி விறாந்தையில் என்னைத் தனியே கூப்பிட்டார். அழுதிருந்தார். "விமலா, நீ ஒண்டும் பறையாதை. சிரங்குக்குக் கட்டினது, தெரியாமல் இறுகிப்போச்சு எண்டு பொலிசிலை சொல்லிப்போட்டன். நீயும் அப்பிடியே சொல்லு. நீ வேணுமெண்டு செய்யிற ஆளில்லை."

அதைக் கேட்டபோதுதான் இங்கே வர முடிவு செய்தேன். சிறு வயதிலிருந்து என் கையைப் பற்றி எல்லாவற்றையும் மற்றவர்களே சொல்லி வந்திருக்கிறார்கள். சுளுக்கு என்றார்கள். சொத்தி என்றார்கள். தடுமாறும் என்றார்கள். இப்போது தெரியாமல் செய்துவிட்டது என்கிறார்கள். கம்பளி நூல் சுருங்கும் என்று தெரியாதவளா நான்? என் பின்னலில் தெரியாமல் விழுந்த ஒரு கண்ணியை அவர்கள் எடுத்துக் காட்டட்டும்.

எழுதிக்கொள்ளுங்கள். பின்னியது நான். கட்டியது நான். சுடுநீரில் தோய்த்தது நான், ஒவ்வொரு நாளும், தெரிந்துகொண்டு. வலக்கை இருக்கும்வரை அந்தப் பிள்ளையை இடக்கையிடம் விடமாட்டார்கள். அதனால் வலக்கையை எடுத்தேன்.

நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்தது. கற்கண்டுக் கதை உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். விஞ்ஞானம் படித்தவள் சோதித்துப் பார்க்காமல் ஒன்றை நம்பக் கூடாது. அதனால் இங்கே வரும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் கட்டில் காலோடு சாய்ந்தபடி உறங்கிப்போயிருந்தார். என்னைக் கண்டதும் பத்மாசனி போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கொண்டாள். கூச்ச சுபாவம், என்னைப் போல. நான் மூங்கில் ஊசியை அவளுக்கு நேரே நீட்டினேன். எந்தக் கையால் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை, கண்ணாலும் காட்டவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள். பிறகு கையை மெல்ல வெளியே எடுத்து ஊசியை வாங்கினாள்.

இடக்கையால்தான் வாங்கினாள், ஐயா. நான் அப்போதே சொன்னேன், அவள் பிறவியிலேயே இடக்கைப் பிள்ளை.