ரெண்டாவது பிள்ளைக்குப் போற வழி

இல்லண்ணே, அந்த வரியை மட்டும் காலியா விடுங்க. அம்மா பேர் அந்தோனியம்மாள், அடக்கம் நாளைக்கு சாயங்காலம் சுவா சூ காங் கல்லறையில, அதெல்லாம் சரியா இருக்கு. மகன் பேரை மட்டும் இப்ப எழுதாதீங்க. பேப்பர் ஆபீஸ்ல அஞ்சு மணி வரைக்கும் சாவு அறிவிப்பு வாங்கிக்குவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. நேரம் இருக்கு லா. உட்காருங்க சூசைநாதன் அண்ணே. அந்த ஃபேன் பக்கம் வேணாம், பெட்டி தலைமாட்டுல மெழுகுவத்தி அணையுதுன்னு பக்கத்து வீட்டு பிலோமினம்மாக்கா அதைத் திருப்பித் திருப்பி வச்சுக்கிட்டு இருக்காங்க. இங்க, தூண் ஓரமா உட்காருங்க.

சொந்தப் பேரைச் சொல்றதுக்கு இந்தப் பய என்ன இவ்வளவு யோசிக்கிறான்னு பார்க்கறீங்க. பார்க்க வேண்டியதுதான். எங்களை நீங்க கோயில்ல பார்த்ததே நாங்க புக்கிட் மேராவுக்கு வீடு மாறி வந்தப்புறம்தான். அதனால உங்களுக்கு நான் எப்பவும் பெர்னார்ட்தான். எனக்குக் கூடப் பிறந்தவன் ஒருத்தன் இருந்தான்னு தெரியும்ல? கல்லறைத் திருநாளுக்கு ஒரு தடவை எங்களை உங்க வேன்ல கூட்டிட்டுப் போனீங்களே. ஆம்ப்ரோஸ்னு பேர் போட்ட கல்லு. அம்மா பின்னால நிப்பாங்க, நான் குனிஞ்சு மெழுகுவத்தி ஏத்துவேன். எந்த வருஷமும் அம்மா ஏத்தினதில்ல, என்னைத்தான் ஏத்தச் சொல்லுவாங்க.

ரெட்டைப் பிள்ளைங்கண்ணே நாங்க. பெர்னார்ட் மூத்தவன், ஆம்ப்ரோஸ் இளையவன். அப்பா நாங்க நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே காய்ச்சல்ல போயிட்டார். ஜாலான் புசார்ல ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேல ஒத்தை ரூம். அம்மாவுக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்ற வேலை. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே முகம், ஒரே குரல். கீழ்வீட்டுக்காரங்க, டீச்சருங்க, சொந்தக்காரங்க, யாருக்கும் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். சந்தேகம்னா இடது காதை மடக்கிப் பார்ப்பாங்க. ஒருத்தனுக்குக் காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம் உண்டு.

எழுபத்தி நாலு, ஸ்கூல் லீவு. கோயில்லேருந்து பாசிர் ரிஸ் கடற்கரைக்கு பிக்னிக் கூட்டிட்டுப் போனாங்க. இப்ப அங்க வீடு கட்டறதுக்கு மண்ணு கொட்டிக்கிட்டு இருக்கான், அப்பல்லாம் வெறும் கடற்கரைதான். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கினோம். ஒன்பது வயசு. எப்ப கை விட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதுண்ணே, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கரையில கூட்டம் கூடி, நீ யாரு, நீ எந்தப் பிள்ளைன்னு என்னைப் போட்டு உலுக்கறாங்க. எனக்குப் பல்லு கிட்டிப் போச்சு, பேச்சே வரலை. அப்புறம் அம்மா ஓடி வந்தாங்க. என் தலையைத் திருப்பி, காதை மடக்கிப் பார்த்தாங்க. பார்த்துட்டுக் கையை எடுத்துட்டாங்க.

மச்சம் யாருக்கா? இங்க பாருங்க. வெக்கப்படாதீங்க, நல்லாப் பாருங்க. இருக்கா?

ஆமாண்ணே. நான் ஆம்ப்ரோஸ்.

உட்காருங்க, உட்காருங்க. எனக்கு ஒண்ணும் ஆகலை. அம்மா போன துக்கத்துல புத்தி பேதலிச்சுப் பேசறான்னு நினைக்காதீங்க. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல, பேப்பர்ல போடப்போறீங்கன்னதும் வாய் வந்துடுச்சு. கோப்பியைக் குடிங்க, ஆறிப்போகுது.

மறுநாள் அம்மா தனியா ஆபீஸுக்குப் போனாங்க, சாவு பதியறதுக்கு. வந்து என்னைக் கட்டில்ல உட்கார வச்சாங்க. ஆபீஸ் மிஷின்ல தப்பா ஏறிப்போச்சுடா, செத்தது நீன்னு ஏறிடுச்சு, அது கம்ப்யூட்டராம், உள்ள போனதை யாராலயும் வெளிய எடுக்க முடியாதாம், பேசினா உன் அண்ணனைப் புதைக்கவே விடமாட்டாங்க. அதனால இன்னையிலேருந்து நீ பெர்னார்ட். இவ்வளவுதான் சொன்னாங்க, அழக்கூட இல்ல. எனக்கு அப்ப கம்ப்யூட்டர்னா போலீஸை விடப் பெரிய ஆளு. சரிம்மான்னுட்டேன். அவனைப் புதைக்கும்போது சாமியார் என் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணார். நான் ஆமென் சொன்னேன்.

அடுத்த ரெண்டு மாசத்துல இங்க வீடு கிடைச்சுச்சு. புது ஸ்கூல், புதுக் கோயில். தெரிஞ்ச முகம் ஒண்ணும் இல்ல. ரோட்டுல யாரையாவது ஆம்ப்ரோஸ்னு கூப்பிட்டா திரும்பக்கூடாதுன்னு நானே பழகிக்கிட்டேன். ஸ்கூல் சர்டிபிகேட், ஐசி அடையாள அட்டை, பட்டாளத்துல நேஷனல் சர்வீஸ் எல்லாம் அவன் பேர்ல. அவனுக்குப் பாகற்காய் பிடிக்கும், எனக்கு வாசமே ஆகாது. வாரா வாரம் அம்மா வைப்பாங்க. நான் மென்னு முழுங்கறதைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. என்னைத்தான் பார்க்கறாங்கன்னு சொல்லமாட்டேன். எனக்குப் பின்னால ஒருத்தன் உட்கார்ந்து சாப்பிடற மாதிரி பார்ப்பாங்க. எனக்குக் கழுத்தெல்லாம் கூசும்.

அண்ணே, செத்த பிள்ளை வளராதும்பாங்க. எங்க வீட்டுல அவன் வளர்ந்தான். மொதல்ல மீசை அரும்புச்சு, அப்புறம் முன்நெத்தி ஏறுச்சு. தினமும் காலையில முகம் கழுவிட்டு நிமிர்ந்தா கண்ணாடியில நிப்பான். நான் துண்டு எடுத்தா அவனும் எடுப்பான். எவ்வளவு நாள்டா நீ என் இடத்துல இருப்பேன்னு கேக்கற மாதிரியே இருக்கும். எனக்குப் பயம் தெளியலைண்ணே, இப்பக்கூட.

போன வாரம் ஆஸ்பத்திரியில அம்மாவுக்குக் கொஞ்சம் நினைவு வந்துச்சு. பெர்னார்ட் எங்கன்னு கேட்டாங்க. இங்கதாம்மா இருக்கேன்னேன். என் முகத்தை நல்லா உத்துப் பார்த்துட்டு, நீ இல்லடான்னாங்க. மருந்து வேகத்துல எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. நானும் தலையாட்டிக்கிட்டேன்.

திருத்திடலாமேன்னு சொல்றீங்க. அதுல ஒரு கூத்து இருக்கு. நான் வேலை பார்க்கறதே சாவு பதியற அதே ஆபீஸ் கம்ப்யூட்டர் பகுதியிலதான். சர்வீஸ் முடிச்சுட்டு வேணும்னே அங்க எழுதிப் போட்டுச் சேர்ந்தேன். என்னைச் சாகடிச்ச மிஷினை ஒரு தடவை நேர்ல பார்க்கணும்னு ஒரு வெறி. போனா அது பாட்டுக்குக் குளிரூட்டின ரூம்ல துணி அலமாரி மாதிரி நிக்குது. எனக்கு மேல அஹமது கபீர்னு ஒருத்தர், அட்டையில ஓட்டை போட்டு உள்ள கொடுத்த காலத்துலேருந்து அங்க இருக்கறவர். நல்ல மனுஷன், வாய் ஓயாது.

அந்த மிஷினுக்குள்ள எல்லாம் குடும்பம் குடும்பமா இருக்கும்ணே. மேல தாயோ தகப்பனோ, அவங்களுக்குக் கீழ பிள்ளைங்க, பிறந்த வரிசையில. ஒருத்தர் விவரத்தை எடுக்கணும்னா மேலேருந்து வழி எழுதிக் கொடுக்கணும். இந்தத் தாய், அவங்களுக்குக் கீழ பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு இன்ன பேர். அப்படிப் படிப்படியா இறங்கிப் போய் எடுத்துட்டு வரும். நம்ம பிளாக்குக்கு ஒரு ஆளை அனுப்பறோம்னு வைங்க. பிளாக் சொல்றீங்க, மாடி சொல்றீங்க, வீட்டு நம்பர் சொல்லாம விட்டுட்டீங்க. அவன் என்ன பண்ணுவான்? லிஃப்டை விட்டு இறங்கினதும் இருக்கற முதல் கதவைத் தட்டிட்டுத் திரும்பி வந்துடுவான். இதுவும் அப்படித்தான். பேர் கொடுக்காம பிள்ளைன்னு மட்டும் கேட்டா முதல் பிள்ளையை எடுத்துக்கிட்டு வந்துடும். அதுக்கு மேல தேடாது.

இது ஆரம்பத்துலேருந்து உள்ள கோளாறாம். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல கபீர் காக்கா சொல்லிச் சிரிக்கிறார். கௌண்டர்ல பேரை எழுத மறந்துடுவாங்களாம், சின்னவனுக்குப் போட்ட தடுப்பூசி பெரியவன் கணக்குல ஏறுமாம், தங்கச்சி கல்யாணம் அக்கா பேர்ல ஏறுமாம். நிறைய வீட்டுல அந்தக் காலத்துல சண்டையே வந்திருக்குன்னார். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாருங்க. இதுதாண்டா, இதுதான் நம்ம கதைன்னு ஒரே சந்தோஷம். அம்மா சொன்னது அத்தனையும் நிஜம். இனி எழுதிக் கொடுத்துத் திருத்திடலாம், அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நானே சொல்லலாம், தப்பு எங்க நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன்மான்னு. அப்படியே பஸ் ஏறினேன்.

பஸ்ல உட்கார்ந்து, அம்மாவுக்குப் புரியற மாதிரி எப்படிச் சொல்றதுன்னு மனசுக்குள்ளயே சொல்லிப் பார்த்துக்கிட்டு வந்தேன். மேல நீங்கம்மா. உங்களுக்குக் கீழ நாங்க ரெண்டு பேர். மிஷின் பேர் கேக்காம முதல் பிள்ளையைப் பிடிச்சுடுச்சு. அங்க வந்து நின்னுட்டேண்ணே. இறங்க வேண்டிய ஸ்டாப்பு போனதுகூடத் தெரியலை.

முதல் பிள்ளை பெர்னார்டுண்ணே. கடல்ல போனதும் பெர்னார்ட். அந்த மிஷின் தப்புப் பண்ணியிருந்தா செத்தவனையேதான் செத்தவன்னு எழுதியிருக்கும். அது தப்பாப் போனாலும் எங்க வீட்டுக்குச் சரியாத்தான் வந்திருக்கும். மூத்தவனைத் தாண்டி இளையவன்கிட்ட அது போகணும்னா யாராவது பேர் சொல்லியிருக்கணும். ஆம்ப்ரோஸ்னு வாய் திறந்து சொல்லியிருக்கணும். அன்னைக்கு கௌண்டர்ல போய் நின்னது அம்மா ஒருத்தங்கதான்.

இல்லண்ணே, தடுமாறலை. நானும் அப்படி நினைச்சுப் பார்த்தேன், பெத்த வயிறு பதறிப் பேர் மாத்திச் சொல்லியிருக்கும்னு. மாத்திச் சொல்லிட்டேன்டா, மன்னிச்சுக்கடான்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்? ஒன்பது வயசுப் பையன்கிட்ட வந்து மிஷின் மேல ஏன் பழியைப் போடணும்?

கேக்கலைண்ணே. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அவங்க எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டேன், கேக்கலை. என்னன்னு கேக்கறது? அவன் இருந்து நான் போயிருக்கலாம்னு நினைச்சீங்களாம்மான்னா? அதுக்கு அவங்க ஆமான்னு சொல்லிட்டா நான் எங்க போறது? கோபம் இல்லன்னு சொல்லமாட்டேன், நிறைய இருக்கு. ஆனா காய்ச்சல்ல படுத்தா ராத்திரி பூரா தலைமாட்டுல உட்கார்ந்து நெத்தியைத் தடவுவாங்க. யார் நெத்தின்னு நினைச்சுத் தடவினாங்களோ, தடவினது என் நெத்தியைத்தானே.

சரி, எழுதுங்க. உங்களை ரொம்ப நேரம் உட்கார வச்சுட்டேன். மகன்கள் காலஞ்சென்ற ஆம்ப்ரோஸ், அப்புறம் பெர்னார்ட். ஆமாண்ணே, அப்படியேதான். எழுதினதை அடிக்காதீங்க. அவங்க உசுரோட வேணும்னு கேட்ட பிள்ளை அவன்தானே. நாளைக்கு மண்ணு போட அவனே நிக்கட்டும்.