சிம்மாசனத்தில் எந்த ராணி

— அஞ்சாம் பாகத்தோட அட்டையில என் பேரையும் போடணும், பான் வித்தோல்ட். உங்க பேருக்குக் கீழ, அதே அளவு எழுத்துல.

— இதக் கேக்கவே கூடாதுன்னு பதிப்பகத்துல ஹலீனா உங்கிட்ட சொல்லலையா, போக்னா?

— வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொன்னாங்க. இருந்தும் கேட்டுட்டேன்.

— உக்காரு கண்ணு. மொதல்ல வேலையப் பாப்போம். நாலாம் பாகம் முடியறப்ப உப்புக்கோட்டைச் சிம்மாசனத்துல ஒரு ராணி உக்காந்திருக்கா. அது யாஸ்னாவா, தங்கச்சி மிராவா? அதச் சொல்லு, அஞ்சாம் பாகத்த ஆரம்பிச்சிடறேன்.

— கதாசிரியர் நீங்க. நீங்க சொல்லுங்க.

— யாஸ்னாதான். இல்லையே, அவள மொத பாகத்துலயே கொன்னுட்டேனே.

— கொன்னீங்க. இருபதாம் அத்தியாயத்துல, விஷம் வச்சு. ரெண்டாம் பாகத்துல அதே யாஸ்னா விருந்துல உக்காந்து பீட்ரூட் சூப் குடிச்சா. ரெண்டாந்தடவ கேட்டு வேற வாங்கிக்கிட்டா.

— அத நீ பிடிச்சிருக்கணும். செத்தவங்க பட்டியல் உங்கிட்டதான இருக்கு?

— அந்தப் பாகம் வித்து முடிஞ்ச பிறகுதான் என்னை வேலைக்கு எடுத்தாங்க. இனி அப்படித் தப்பு வராம பாத்துக்கத்தான் எடுத்தாங்க.

— தப்புங்காதே. வாசகர்கள் மூட்டை மூட்டையா எழுதினாங்க. அது யாஸ்னா இல்ல, ரெட்டைப் பொறப்புத் தங்கச்சி, ஆசிரியர் ஆரம்பத்துலயே திட்டம் போட்டுட்டார்னு.

— நீங்களும் புத்தகக் கண்காட்சி மேடையில ஏறி, ஆமா, போட்டேன்னீங்க.

— ஐந்நூறு பேருக்கு முன்னாடி என்ன சொல்லச் சொல்ற, மறந்துட்டேன்னா?

— அப்படித்தான் மூணாம் பாகத்துல மிரா பொறந்தா. அக்காவும் சாகலன்னு ஆச்சு. ரெண்டு பேரும் உடுப்ப மாத்திக்கிட்டாங்க, திரும்ப மாத்திக்கிட்டாங்க. நீங்க குழம்பிப்போய் கடற்கரையில வீடு எடுத்துத் தங்கிட்டீங்க. நாலாம் பாகம் முழுசும் நான் எழுதினது.

— நான் சொல்லச் சொல்ல எழுதின.

— நீங்க சொன்னது ஒரு வரி, அதுவும் போன்ல. "பனி பெய்யட்டும் போக்னா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்." அறுநூறு பக்கம் நான்தான் பாத்துக்கிட்டேன்.

— சரி, கடைசிப் பக்கத்துல நன்றின்னு போடச் சொல்றேன். மொத பேரே உன்னுது.

— எங்கப்பா முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்துல இறங்கினவர். எங்க வீட்டுல பள்ளிக்கூடப் புஸ்தகம் தவிர விலை குடுத்து வாங்கின மொத புஸ்தகம் இந்த நாலாம் பாகந்தான். கண்ணாடியப் போட்டுக்கிட்டு அட்டைய ரெண்டு பக்கமும் பாத்தார். "உன் பேரு எங்கம்மா?"ன்னார்.

— உணர்ச்சிவசப்படாதே, கண்ணு.

— கண்ணுன்னு கூப்பிடாதீங்க. போடுவீங்களா, மாட்டீங்களா?

— போட்டா எது யார் எழுதினதுன்னு கேப்பாங்களே. நேத்து நாலாம் பாகத்த எடுத்துப் படிச்சேன். பாதி இடத்துல நான் எழுதின மாதிரியே இருக்கு. மொத பாகத்தப் படிச்சா வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு. எதக் காட்டி நான் எழுதினதுன்னு சொல்வேன்?

— அப்ப மாட்டீங்க.

— முடியாது, போக்னா.

— ராஜினாமாவ காலைல வந்ததுமே ஹலீனா மேசையில வச்சுட்டேன். நீங்க சரின்னு சொல்லியிருந்தாலும் போறதாத்தான் இருந்தேன். கேக்காம போனா எனக்கே கேவலமா இருக்கும், அதான் வந்தேன்.

— கோட்டு மாட்டாதே, நில்லு. சரி, போறதா இருந்தா போ. சிம்மாசனத்துல யாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போயேன். அத மனசுல வச்சுத்தானே முடிச்ச?

— எனக்குத் தெரியாது, பான் வித்தோல்ட். உங்களுக்குத் தெரியும்னு நம்பித்தான் அறுநூறு பக்கமும் எழுதினேன்.