பக்கத்தில் அடங்காத எட்டு வரிகள்

ஓரத்தில் தாராளமாக வெள்ளை இடம் விடத் தெரியாதவன் அச்சுத்தொழிலுக்கே வரக்கூடாது, ஐயா. வேனிஸில் கிரேக்க நூல் அச்சிடுகிறவர்கள் பலர் உண்டு. ஆனாலும் இந்த ஓர்சாத்தோ அச்சிட்ட பக்கம் என்றால் அதன் அழகே தனி என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இப்போது நான் அச்சிட்ட கிரேக்க வரலாற்று நூலுக்குப் பழைய தோல் ஏடு உலகத்திலேயே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. ஏதோ ஒரு தீவு மடத்திலிருந்து வந்தது. அச்சுக் கோத்தபோது கடைசி எட்டு வரிகள் பக்கத்தில் அடங்கவில்லை. அதற்காகப் புதுத் தாள் சேர்த்தால் உச்சியில் கொஞ்சம் எழுத்து, கீழே மொட்டை வெளி. பார்க்கச் சகிக்காது. அந்த எட்டையும் எடுத்துவிட்டேன்.

பிழை திருத்தும் மனோலிஸ், கிரீட் தீவுக்காரன், அச்சான பக்கத்தோடு வந்து நின்றான்.

"முதலாளி, சரணடைஞ்சா யாரையும் தொடமாட்டேன்னு தளபதி சத்தியம் பண்றதோட கதை நின்னுடுச்சு. அப்புறம் ஊரையே வெட்டிப்போட்டானே, அது எங்க?"

"பக்கத்துல அடங்கலப்பா."

"செத்தவங்க அடங்கலையா?"

"ஒரு ஊரே பொழச்சுக்கிச்சு. உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

நியாயமாகத்தானே கேட்டேன்? அவன் சிரிக்கவில்லை. ஏட்டைக் காட்டி, வாங்குகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிடுவேன் என்றான். வாங்குகிறவர்கள் யார்? போன புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எழுத்தழகைப் பாராட்டிய பிரபுக்கள். இருந்தாலும் தகராறுக்கு இடம் வைப்பானேன் என்று, ஈயம் உருக்கும் அடுப்பில் ஏட்டைப் போட்டேன். தோல் கருகும் நாற்றம் சாயங்காலம்வரை போகவில்லை. அச்சுக் கோப்பவர்கள் பாவம், மூக்கைப் பொத்திக்கொண்டே வேலை செய்தார்கள்.

மறுநாள் புத்தகப் பெட்டிகளோடு படகு கிளம்பிப் போனபின், கால்வாய்ப் படியில் நானும் அவனும்தான் நின்றோம்.

"ஏடு போனா போகட்டும் முதலாளி. அந்த எட்டு வரியும் எனக்கு மனப்பாடம்," என்றான்.

அப்படியென்றால் அவனும் ஒரு பிரதிதானே? தள்ளினேன். தீவுக்காரன், நீந்துவான் என்றே நம்பினேன். நீந்தவும் செய்தான். படியைப் பிடித்த விரல்களின்மேல் காலை வைத்தேன், அதிக நேரம் இல்லை.

கடைசியாக அவன் கத்தியது சுத்தமான கிரேக்கம், ஐயா. அந்தக் கரையில் அதை ரசிக்கத் தெரிந்தவன் ஒருவனாவது இருந்தேனே என்பதில் எனக்கு ஒரு திருப்தி.