பூஜையில் இருக்கும் லாப்டாப்

தெருவுக்கு ஒரு லாப்டாப் வந்திருந்த காலம். சரஸ்வதி பூஜை விடுமுறையன்று, கரமனையில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த இரண்டு மாமாக்களில் கண்ணாடி போட்டவர் ஆரம்பித்தார்:

"ஓய், லாப்டாப் புஸ்தகமா, விளையாட்டுச் சாமானா?"

"ஏன் கேக்கறீர்?"

"எங்காத்துப் பொண்ணு அதைப் புஸ்தகத்தோட பூஜைல வெச்சுட்டா. விஜயதசமி வரைக்கும் தொடப்படாதாம்."

"நல்லதுதானே? அவ காலேஜுக்குன்னு வாங்கினதுதானே?"

"அவளுக்குத்தான். விலை குறைஞ்சதா ஒண்ணு எடுத்தோம். 'சின்னச் சின்ன கேமெல்லாம் ஓடும் சாரே'ன்னான் கடைக்காரன். அவளுக்கு ஒரே சந்தோஷம். நான்தான் கடையே அதிர, 'கேமெல்லாம் வேண்டாம், இது படிக்க மட்டும்'னு கத்தினேன்."

"பின்னே?"

"அவ ஒரு கார் ரேஸ் போட்டிருந்தா. அவ குளிக்கப் போன நேரம், என்னதான் இருக்குன்னு உக்காந்து பாத்தேன். அன்னிலேர்ந்து பூஜைல வெக்கற வரைக்கும் தினம் நான்தான் ஓட்டினேன். ஸ்கூட்டரையே ஓட்டப் பயந்து உருட்டிண்டு போற ஆசாமி நான்!"

"எடுத்துத் தரச்சொல்லி அவகிட்டயே கேளுமே."

"கேட்டேன். 'இது புஸ்தகமில்லேடி, விளையாட்டுச் சாமான், எடுத்துத் தா'ன்னேன்."

"என்ன சொன்னா?"

"'படிக்க மட்டும்னு கடைல நீதானேப்பா சொன்னே?'ன்னா. சொல்லிட்டு, அது மேல இன்னும் ரெண்டு புஷ்பத்தைப் போட்டா."