சொத்தைக் கடலைப் பங்கு

சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் நான்தான். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் மூன்று வருடம் நையாண்டி எழுதியவன். 'மரணக் காரணம் கண்டறியும் கமிட்டி' என்ற என் கட்டுரையைப் பேராசிரியர்களே படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். துஷ்டி வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இறந்தவருக்கு ஒரு நோயும் அதற்குத் தோதாக ஒரு கெட்ட பழக்கமும் ஒதுக்கித் தருகிற பெரியவர்களைப் பற்றியது அது.

அப்பா வேதமணிக்குக் கடலைக் குடோன். குருவிகுளம் பக்கமிருந்து வரும் நிலக்கடலையை உடைத்துப் போட்டால் பெண்கள் தரம் பிரிப்பார்கள். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாம் சொத்தை. சனிக்கிழமைதோறும் அதில் பாதி எங்கள் வீட்டுக்கு, பாதி அந்தப் பெண்களுக்கு. விற்கிற சரக்கை வீட்டில் தின்பது எங்கள் குடும்பத்தில் பாவம்.

இறுதியாண்டு ஆய்வுக்கு அந்தச் சொத்தையைத்தான் சோதித்தேன். பூசணம் விடுகிற நஞ்சு, அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு இருந்தது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. வருடக்கணக்கில் தின்றால் ஈரலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். ஆய்வுக்கு நல்ல மார்க் கிடைத்தது.

அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப நம்ம வீட்டுக்கு வேண்டாம்லே," என்றார். "அவியகிட்ட சொல்லிராத. ஊரெல்லாம் நம்ம சரக்கே சொத்தைம்பான்."

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பாதியையும் பேச்சித்தாய்க்குக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை என்னுடையது. பதினெட்டு வருடமாகக் குடோனில் தரம் பிரிப்பவர் அவர்.

"நல்லா இருப்பிய தம்பி," என்றார். "எங்க வீட்டுக்காரருக்குக் கடலைச் சட்னி இல்லாம இட்லி எறங்காது."

நான்கு வருடம் என் கையாலேயே அளந்து போட்டேன். போன மாதம் அவர் கணவர் மூக்காண்டி இறந்தார். ஈரலில் புற்று. கடலையால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்ல முடியாது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் வீட்டில் சட்னியைத் தொட முடியவில்லை.

துஷ்டி வீட்டில் ஊர்ப் பெரியவர் மகாராஜன் அண்ணாச்சி துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். "ஈரல் போச்சுன்னா வேற என்னலே காரணம்? ஒளிச்சு ஒளிச்சு ஊத்தியிருக்கான்."

உள்ளே அழுதுகொண்டிருந்த பேச்சித்தாய் வெளியே வந்துவிட்டார். "அவுக மோரு புளிச்சாக்கூடத் தொடமாட்டாக அண்ணாச்சி." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க படிச்சவிய. எம் பிள்ளையளுக்கு முன்னாலயே அப்பனக் குடிகாரங்காக. இந்த நோக்காடு வேற எதுனால வரும்னு நீங்களாவது சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"வீட்டுக்குத் தெரியாம குடிச்சிருப்பாரு அக்கா," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். பேச்சித்தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார், படித்தவன் சொன்னதாயிற்றே.

பதினாறு கழிந்து வேலைக்கு வந்தார். அந்தச் சனிக்கிழமை அவர் பையில் ஒரு படி குறைத்துப் போட்டேன். அந்த வீட்டில் இப்போது தின்ன ஒரு ஆள் குறைவு. அதைக்கூட நினைத்துப் பார்க்காத கல்நெஞ்சன் இல்லை நான்.