பேச முடிகிற வேகம்

“இல்லைங்க, கடிகாரம் கட்டுற பழக்கமே எனக்குக் கிடையாது. அது மாப்பிள்ளையோடது. அவரே கழட்டிக் கொடுத்தாரு, நான் பையில போட்டுக்கிட்டேன்.”

மேசை மேல் நீங்கள் வைத்திருக்கிற அந்தக் கறுப்புக் கடிகாரம் என் தங்கை கணவருடையதுதான். அவர் உயிர் போன பிறகும் அது என் கால்சட்டைப் பையில் ஓட்டத்தின் வேகத்தைப் பதிந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் விதம் எனக்குத் தெரியவில்லை. ஒளித்து வைத்தேன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். மாப்பிள்ளை விஷயமும் அப்படித்தான், நிறுத்தச் சொல்லி அவர் கேட்டிருந்தால் நின்றிருப்பேன்.

மாரத்தானில் என் வேலை என்ன என்று கேட்டீர்கள். சுலபமான வேலை. என் முதுகில் ஒரு கொடி இருக்கும், அதில் ‘நாலரை மணி நேரம்’ என்று எழுதியிருக்கும். அந்த நேரத்துக்குள் ஓடி முடிக்க ஆசைப்படுகிறவர்கள் என்னை ஒட்டி வருவார்கள். நான் வேகத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எல்லைக்கோடு கண்ணில் பட்டதும் அவர்களை முன்னால் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஓடுகிறவர்கள் மத்தியில் என் பெயரே கொடிக்காரர்தான்.

எனக்குக் கடிகாரம் வேண்டாம், காது போதும். பயிற்சியின்போது பக்கத்தில் ஓடுபவரிடம் ஏதாவது கேட்பேன். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் இன்னும் தெம்பு இருக்கிறது, கூட்டலாம். இரண்டு மூன்று வார்த்தையாக உடைந்து வந்தால் அதுதான் அளவு. ஒற்றை வார்த்தை என்றால் குறைக்க வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். மாப்பிள்ளைக்கும் இதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நல்ல மாணவர்.

பிழைப்புக்கு நான் குளிர்பான ஆலையில் மேற்பார்வையாளர். பாட்டில்கள் நகர்ந்து வரும் பட்டையின் வேகம் என் கையில். ஒரேயடியாகக் கூட்டினால் வேலை செய்யும் பெண்கள் கத்தித் தீர்த்துவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டுக் கதை பேசிக்கொண்டே வந்து நிற்பார்கள் பாருங்கள், அப்போது ஒரு மயிரிழை கூட்டுவேன். கொஞ்சம் கழித்து இன்னொரு மயிரிழை. கைகள் தானாகப் பழகிக்கொள்ளும். பேச்சு மட்டும் மெல்ல மெல்ல நின்றுபோகும். நின்றுபோனது அவர்களுக்கே தெரியாது. இன்றைக்கு ஏன் இவ்வளவு அசதி என்று தங்களையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இதுநாள் வரை என்னைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை.

கோபத்தில் செய்தேன் என்று எழுதப் போகிறீர்களா? அப்படி எதுவும் இல்லை. மாப்பிள்ளை மேல் எனக்கு என்ன கோபம்?

அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அவள் வீட்டில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் ஓட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

“நம்ம மச்சான் ஓட்டம் எப்படின்னா,” என்றார் மாப்பிள்ளை, “தியேட்டர்ல டார்ச் அடிச்சு சீட் காட்டுவாங்க இல்ல, அது மாதிரி. எல்லாரையும் பத்திரமா உக்கார வெச்சிருவாரு. அவருக்குப் படம் கிடையாது.”

தங்கை சிரித்தாள். புரையேறி, தன் தலையில் தானே தட்டிக்கொண்டு சிரித்தாள். “போங்க, பாவம் எங்க அண்ணன்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவும்போது சொன்னேன்.

“அடுத்த மாரத்தானுக்கு நீங்களும் வாங்களேன் மாப்பிள்ளை. என் கொடியை ஒட்டியே வந்துடலாம்.”

“இந்தத் தொப்பையை வெச்சுக்கிட்டா?”

“அதுவும் நம்ம கூடத்தானே ஓடும்.”

பல மாதம் பயிற்சி கொடுத்தேன். அத்தனை நாளும் சரியான வேகத்தில்தான் அழைத்துப் போனேன். இல்லாவிட்டால் நம்பிக்கை எப்படி வரும்? தொப்பை கரைந்தது. எனக்காக எல்லைக்கோட்டில் துண்டோடு நின்ற தங்கை, இப்போது அவருக்காக அதே துண்டைத் துவைத்து வைத்தாள்.

மாரத்தான் அன்றைக்குக் காலையிலேயே புழுக்கம். கிளம்பும் இடத்தில் அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அதைப் பார்த்தா பயம்தான் வரும், கொடியைப் பாருங்க போதும்” என்றேன். உடனே கழற்றிவிட்டார். “உங்க தங்கச்சி வாங்கிக் கொடுத்தது மச்சான். தொலைச்சீங்கன்னா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது.”

ஓட ஆரம்பித்ததும் ஒரு மயிரிழை கூட்டினேன். அப்புறம் இன்னொன்று. மஞ்சள் பனியன் போட்ட பெண் ஒருத்தி தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “என்ன கொடிக்காரரே, ரயிலைப் பிடிக்கணுமா? வேகம் ஜாஸ்தியா இருக்கே.”

“முன்னாடி பாலம் ஏறணும்மா. இப்பவே கொஞ்சம் நேரத்தைச் சேர்த்து வெச்சுக்கலாம்.”

அவள் நம்பவில்லை, பின்தங்கிவிட்டாள். கடிகாரம் கட்டியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மாப்பிள்ளை மட்டும் என் தோளை ஒட்டி வந்தார்.

“உங்க குட்டிப் பொண்ணு ஸ்கூல்ல ஒழுங்கா இருக்காளா?”

“எங்க இருக்கா? டீச்சர் செருப்பைத் தூக்கி ஒளிச்சு வெச்சுட்டாளாம், நேத்து என்னைக் கூப்பிட்டு விட்டாங்க.”

முழு வாக்கியம். கூட்டினேன்.

“வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும்னீங்களே. என்ன கலர்?”

“உங்க தங்கச்சிக்கு... பச்சை...”

அதுதான் அளவு. அங்கேயும் கூட்டினேன். தண்ணீர் மேசை வந்தது. “இங்க நின்னா கால் பிடிச்சுக்கும், அடுத்ததுல குடிக்கலாம்” என்றேன். அடுத்ததிலும் அதையே சொன்னேன். கொஞ்ச தூரம் போய், என்ன கலர் சொன்னீங்க என்று மறுபடி கேட்டேன். “பச்சை” என்றார். ஒற்றை வார்த்தை.

பாலத்தின் மேல் தங்கை துண்டோடு நின்றிருந்தாள். அவள் எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் வந்துவிட்டோம். சந்தோஷம் தாங்காமல் கை தட்டினாள். மாப்பிள்ளை அவளுக்குக் கையசைக்கப் பார்த்தார், கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அந்த வெயிலில் அவர் தோல் காய்ந்து, மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. வெயில் தாக்கினால் வியர்வை நின்று இப்படி ஆகும், உடனே நிறுத்த வேண்டும் என்று கொடி பிடிக்கிற எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“அண்ணா, அவரை விட்டுடாதே” என்று தங்கை கத்தினாள்.

விடவில்லை. எல்லைக்கோடு வருவதற்கு முன்னால் அவரைப் பத்திரமாக உட்கார வைத்துவிட வேண்டும், என் எண்ணம் அவ்வளவுதான். எங்கே உட்காருவார் என்றுகூட ஓரளவு தெரிந்துதான் இருந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் ஆரம்பத்தில் நான் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அவர் எதுவும் கேட்கவில்லை என்று தங்கையிடமும் சொல்லிவிட்டேன். பாலம் இறங்கியதும் அவர் பேசினார். வெகுநேரம் மூச்சைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும், ஓர் எழுத்துகூட உடையவில்லை. முழு வாக்கியம் பேசுகிறவருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்பதுதான் என் முறை. அந்த முறைப்படிதான் மறுபடியும் கூட்டினேன். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

“மச்சான், எனக்குக் கண்ணு தெரியல, என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க.”